புகையிரதத்தின் குரலைக் கேட்க எந்த ஏரியல் நல்லது?

என்னிடம் பௌதிகம் படித்த மாணவர் ஒருவர் இப்பொழுது அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் குடும்பத்துடன் வாழ்கிறார். புகையிரதம் என்றால் ஊணுறக்கம் மறக்கும் மகன் ஒருவன் அவருக்கு உண்டு. புகையிரத ஊழியர் தம்முட் பேசுவதைக் கேட்கக்கூடிய வானொலிக் கருவி ஒன்றை மகனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். "கடையில் இருந்தவற்றுள் மிக நீளமான ஏரியலையே வாங்கினேன், ஐயா. ஆனால் இரைச்சல்தான் மிஞ்சியது. காருக்கு எது பொருந்தும், வீட்டுப் பரணுக்கு எது பொருந்தும் என்று எழுதுங்கள்" என்பது அவருடைய வேண்டுகோள். பிறருக்கும் பயன்படக்கூடிய விஷயமாதலின் இங்கேயே பதில் கூறுகிறேன்.

அவர் வாங்கியது, லொறிச் சாரதிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் 27 மெகாஹேர்ட்ஸ் அலைக்கென ஆக்கப்பட்ட ஏரியல். அவ்வலையின் நீளம் ஏறத்தாழ 11 மீற்றர். அமெரிக்கப் புகையிரதங்களின் பேச்சோ 160 மெகாஹேர்ட்சுக்கும் 161.6 மெகாஹேர்ட்சுக்கும் இடையில் நிகழ்கிறது. ஒளியின் வேகத்தை இந்த மீடிறனால் வகுத்தால் அலைநீளம் சுமார் 1.86 மீற்றர் எனக் கிடைக்கும். அதன் காற்பங்கு 46 சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம். அதாவது ஒரு முழக் கம்பி! கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது இங்கே மிகப் பொருத்தம். ஏரியலுக்கு வேண்டியது பெருமையன்று, பொருத்தமே.

முதலில் காரைக் கவனிப்போம். காந்த அடியுள்ள கால் அலைக் கம்பியைக் காரின் கூரை நடுவில் நிறுத்துவதே சிறந்தது. கீழேயுள்ள உலோகத் தகடு ஏரியலின் மற்றப் பாதியாக நின்று தொழில் செய்கிறது. ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கம் நன்றாகவும் மறு பக்கம் மந்தமாகவும் கேட்கும். எட்டில் ஐந்து அலை என்னும் நீண்ட வகை, சுமார் 116 சென்ரிமீற்றர் உயரம் உடையது. சமவெளியில் தொலைவிலுள்ள குரலையும் சற்று அதிகமாகப் பிடிக்கும். ஆயினும் வேகமாகச் செல்லுகையில் காற்றில் வளையும். மரக்கிளையிலும் கராஜ் வாயிலிலும் மோதும். மலையும் மாடிக் கட்டடங்களும் நிறைந்த இடத்தில் குட்டைக் கம்பியே போதும். அலுமினியக் கூரையிலும் கண்ணாடிக் கூரையிலும் காந்தம் பற்றாது என்பதை வாங்குமுன் நினைவிற் கொள்க.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. நியூயோர்க், புளோரிடா முதலிய சில மாநிலங்களில், பொலிசாரின் அலைகளையும் வாங்கவல்ல கருவியைக் காரில் வைத்திருப்பதற்குச் சட்டத் தடைகள் உள்ளன. மாநில எல்லையைக் கடந்து பயணஞ் செய்வோர் இதனை முன்னரே விசாரித்தறிதல் வேண்டும்.

இனி, பரண். உயரமும், மழைக்கும் காற்றுக்கும் மறைவும் அங்கே ஒருங்கே கிடைக்கின்றன. ஆனால் கூரை உலோகத் தகடாயினும், வெப்பத்தைத் தடுக்க அலுமினியத் தாள் ஒட்டப்பட்டிருந்தாலும் அலை உள்ளே நுழையாது. அத்தகைய வீட்டில் ஏரியல் வெளியேதான் நிற்க வேண்டும். அப்பொழுது மின்னலுக்குக் காப்பாக நிலத்தொடுப்பும் அவசியம். மரமும் ஓடும் தார்த்தகடும் அவ்வளவு தடையல்ல.

பரணுக்கு ஏற்றது, நிமிர்ந்த ஒரு முழக் கம்பியும் அதன் அடியிலிருந்து நாற்புறமும் சரிந்து இறங்கும் நான்கு கம்பிகளும் கொண்ட ஏரியல். பித்தளைக் கம்பி ஐந்தும் ஓர் இணைப்பியும் இருந்தால் தந்தையும் மகனும் ஒரு மாலைப்பொழுதிலே செய்து முடிக்கலாம். தொலைக்காட்சி ஏரியல் போல அதனைப் படுக்க வைத்தல் தவறு. புகையிரத வானொலியின் அலை நிலைக்குத்தாக வருவது. ஆகவே கம்பியும் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

பலர் மறப்பது வடத்தை. ஏரியலிலிருந்து கருவிவரை மெல்லிய ஆர்ஜி-58 வடம் 30 மீற்றர் ஓடினால், பிடித்த ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வழியிலேயே அழிந்துவிடும். தொலைக்காட்சிக்கு உபயோகிக்கும் ஆர்ஜி-6 வடத்தில் இழப்பு பாதிக்கும் குறைவு. கருவியைப் பரணில் வைக்க வேண்டாம். கோடை வெப்பம் அதனைக் கெடுக்கும். ஒலிபெருக்கும் இடைக்கருவி வாங்க அவசரப்படவும் வேண்டாம். 162.4 முதல் 162.55 மெகாஹேர்ட்ஸ் வரை அரசின் காலநிலை வானொலி இரவு பகலாக ஒலிக்கிறது. அருகில் அந்நிலையம் இருப்பின் இடைக்கருவி அதனையே பெருக்கி மற்றையவற்றை அமுக்கிவிடும். ஆனால் அவ்வொலிபரப்பே நல்ல பரிசோதகர். அதனைக் கேட்டுக்கொண்டே ஏரியலைப் பரணில் ஓரோரிடமாக நகர்த்தினால், தெளிவாக ஒலிக்கும் இடம் தானே புலப்படும்.

இத்தனை பாடுபட்டுச் சிறுவன் எதைக் கேட்கப் போகிறான்? தண்டவாள ஓரங்களில் நிற்கும் பரிசோதனைக் கருவிகள் பல, வண்டி கடந்ததும் அச்சுகளை எண்ணி, "குறையில்லை" என்று வானொலியில் மனிதக் குரலிலே அறிவிக்கும். அச்சுத்தாங்கி சூடேறியிருந்தால் அபாயத்தைச் சொல்லும். அதே ஒகையோவில், 2023 பெப்ரவரி 3 ஆம் தேதி, ஈஸ்ற் பலஸ்தீன் என்னும் ஊரில் 38 பெட்டிகள் தடம் புரண்டன. அச்சுத்தாங்கி ஒன்று எல்லை மீறிச் சூடேறியதே காரணம். கடைசிக் கருவி அபாயத்தை அறிவித்தபோது காலங் கடந்துவிட்டது. நச்சு இரசாயனங்களுக்கு அஞ்சி மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது.

ஆதலால், "குறையில்லை" என்னும் அந்தச் சிறு வார்த்தை வெறும் விளையாட்டன்று. ஓர் ஊரின் நிம்மதி அதில் அடங்கியிருக்கிறது. மகன் அதனைக் கேட்கட்டும். அதன் பொருளையும் தந்தை அவனுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். ஆனால் கேட்பதோடு நிற்க வேண்டும். அனுமதியின்றி அவ்வலையில் ஒரு சொல் பேசினாலும் சட்டப்படி குற்றம். அதனினும் மேலாக, எங்கோ ஓட்டிக்கொண்டிருக்கும் சாரதியின் காதை அடைப்பதாகும்.

ஒரு முழக் கம்பி, நல்ல வடம், தக்க இடம், அடக்கமான செவி. இவை நான்கும் போதும்.