ஸ்டென்ட் வச்சாச்சு, இனிமே குழம்புக்கு என்ன பண்றது?

மாரடைப்பு வந்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி கொடுப்பாங்க. எந்த ரத்தக்குழாயில் எத்தனை சதவீதம் அடைப்பு, ஸ்டென்ட் எத்தனை மில்லிமீட்டர், எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம்னு எல்லாம் துல்லியமா இருக்கும். சாப்பாட்டுக்கு மட்டும் கடைசியில் அரை வரி: "லோ சால்ட், லோ ஃபேட் டயட்". லேப் ரெக்கார்டில் ரீடிங் போடாம வெறும் "லோ"ன்னு எழுதிட்டுப் போனா நம்ம ஸ்டாஃப் அதை வாங்குவாங்களா?

மாரடைப்புக்குப் பிறகு உணவும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். அப்படின்னா அதையும் டோஸ் சொல்லித்தான் கொடுக்கணும். அதுவும் சமைக்கிறவங்களை உட்கார வச்சு சொல்லணும்.

உடனே பூண்டுப் பால், மருதம்பட்டைக் கஷாயம்னு நினைச்சுடாதீங்க. ஸ்டென்ட் வச்சவர் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரையை இஷ்டத்துக்கு நிறுத்தினா ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைஞ்சு திரும்ப அடைச்சுக்கலாம். அந்த இடத்துக்கு எந்த ஃபேமிலி குரூப் ஃபார்வர்டும் வர முடியாது. நான் பேசுறது மாத்திரையோட சேர்ந்து போற சாப்பாட்டைப் பற்றி.

அதுக்கு எவ்வளவு பலம் இருக்குன்னு காட்டின ஆய்வு ஒண்ணு உண்டு. பிரான்ஸில் லியோன் நகரத்தில் 1988-ல் தொடங்கினது. முதல் மாரடைப்பில் பிழைச்ச 605 பேரை ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை. இன்னொரு குழுவுக்கு ரொட்டி, காய், பழம், மீன் எல்லாம் அதிகம், இறைச்சி குறைவு, வெண்ணெய்க்குப் பதிலா கனோலா எண்ணெயில் செய்த மார்ஜரின். 1999-ல் வந்த இறுதி அறிக்கைப்படி, இதய நோயால் இறந்தவங்க, மறுபடி மாரடைப்பு வந்தவங்க ரெண்டையும் சேர்த்தா முதல் குழுவில் 44 பேர், இரண்டாவது குழுவில் 14 பேர். ரெண்டு குழுவுக்கும் கொலஸ்ட்ரால் அளவு கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருந்தது என்பது இன்னும் ஆச்சரியம். சின்ன ஆய்வுதான், அதை மட்டுமே வச்சு எல்லாம் தீர்ந்ததுன்னு சொல்ல முடியாது. ஆனா எனக்கு அதில் பிடிச்ச விஷயம் வேற. அந்த இரண்டாவது குழுவில் இருந்தவங்களோட இதய மருத்துவரும் டயட்டீஷியனும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்காங்க. ஒரு மணி நேரம்! நமக்குக் கிடைப்பது அரை வரி.

அந்த அரை வரி ஒரு வீட்டில் என்ன பண்ணும்னு நான் பார்த்தது எங்க மாமா வீட்டில், தூத்துக்குடியில். ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வச்சு அனுப்பினாங்க. அத்தை அன்னிக்கே சோத்துல, குழம்புல உப்பை நிறுத்திட்டாங்க. எண்ணெய் கட். "கவுச்சி கூடாது"ன்னு மீனும் கட். மூணு வேளையும் கஞ்சி, இல்லைன்னா வெந்த காய். உப்பில்லாத கஞ்சி எப்படி இறங்கும்? அதனால தொட்டுக்க ஊறுகாய், மோர் மிளகாய், சுட்ட அப்பளம்! சுட்டதால அதில் எண்ணெய் இல்லையாம். குழம்புல குறைச்ச உப்பு அத்தனையும் தட்டோட ஓரத்துல வந்து உட்கார்ந்தது. நல்லது செய்யக்கூடிய மீன் போயிடுச்சு, கெட்டது செய்யக்கூடிய ஊறுகாய் தங்கிடுச்சு. மாமா ஒரு மாசத்துல இளைச்சு, மாடிப்படி ஏறவே சலிச்சுக்கிட்டார். அத்தையைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. அவங்களுக்கு யாரும் எதுவும் விளக்கவே இல்லையே. டாக்டர் மாமாகிட்ட பேசினார், மாமா பையன்கிட்ட பேசினார், பில் கட்டினவர்கிட்டயும் பேசினாங்க. அடுப்படியில் நிக்கிறவங்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாங்க.

இத்தனைக்கும் கணக்கு ரொம்ப சுலபம். உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு 20 கிராம். அப்போ 1 கிலோ பாக்கெட் 50 நாள் வரணும். உங்க வீட்டில் 30 நாளில் தீருதா? ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகுது. ஊறுகாய், கருவாடு, கடை மிக்ஸர் எல்லாம் அதுக்கு மேல தனி. "லோ சால்ட்"னு சொல்வதைவிட "பாக்கெட் மேல தேதி எழுதி வைங்க"ன்னு சொன்னா எங்க அத்தை அன்னிக்கே செஞ்சிருப்பாங்க. இதயத்தோட பம்பிங் குறைஞ்சவங்களுக்கு டாக்டர் வேற அளவு சொல்லலாம், அது தனிக் கணக்கு.

சோடியம் குறைவான உப்புன்னு கடையில் ஒரு பாக்கெட் விற்கிறாங்க. அதில் சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் சேர்த்திருப்பாங்க. மாரடைப்புக்குப் பிறகு கொடுக்கிற சில பிரஷர் மாத்திரைகள் உடம்புல பொட்டாசியத்தை ஏத்தும். கிட்னியும் சரியில்லைன்னா ரெண்டும் சேர்ந்து இதயத் துடிப்பையே குழப்பிடும். நல்லது பண்றோம்னு நினைச்சு டாக்டரைக் கேட்காம இதை வாங்காதீங்க.

"லோ ஃபேட்" இன்னும் குழப்பம். ஸ்பெயினில் கோர்தோபா நகரத்தில் 1002 இதய நோயாளிகளை 7 வருஷம் கவனிச்ச ஆய்வு 2022-ல் வெளிவந்தது. கொழுப்பைக் குறைச்ச டயட்டைவிட, ஆலிவ் எண்ணெய் தாராளமா இருந்த மத்தியதரைக்கடல் டயட்தான் அதில் ஜெயிச்சது. அதாவது எண்ணெயோட அளவு மாதிரியே அது எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். நமக்கு ஆலிவ் எல்லாம் தேவையில்ல. நல்லெண்ணெய், கடலெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 20 சதவீதத்துக்குள். தேங்காய் எண்ணெயில் 80-க்கு மேல். பாமாயிலில் 40-க்குப் பக்கம். ஆனா ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பது பாமாயில்தான், நல்லெண்ணெய் விலை அதைவிடப் பல மடங்கு. இந்த விலை வித்தியாசத்தைப் பேசாத டயட் சார்ட் பாதி வீடுகளுக்கு வெறும் பேப்பர். அதே சமயம் மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி மாதிரி மலிவான மீன்களில்தான் ஒமேகா-3 நிறைய. குழம்பு வச்சு வாரம் ரெண்டு நாள் சாப்பிடலாம், பொரிக்க வேண்டாம். சைவம்னா உப்பு போடாத வேர்க்கடலை, சுண்டல். இதையெல்லாம் ஏன் யாரும் சொல்றதில்லைன்னு எனக்குப் புரியவே இல்ல.

இன்னொண்ணு, நோயாளிக்குத் தனிப் பாத்திரம் வைக்கிற பழக்கம். ரெண்டு சமையல்னா அந்த வீட்டுப் பெண்ணுக்கு ரெண்டு மடங்கு வேலை, அது மூணு மாசம் தாண்டாது. அதே குழம்பை வீடே சாப்பிடட்டும். நமக்கும் இருபத்தொரு வயசுலேயே அது கெடுதல் இல்ல.

தமிழ்நாட்டில் அரசு இதயத்துக்கு ஒண்ணும் செய்யலைன்னு சொன்னா அது பொய். 2023-ல் வந்த "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரை கொடுக்கிறாங்க. 2021-ல் தொடங்கின "மக்களைத் தேடி மருத்துவம்" மூலமா சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. மாத்திரை கொண்டு வர்ற அந்த அக்காவுக்கு கொஞ்சம் பயிற்சியும் அதுக்கான சம்பளமும் கொடுத்து, அடுப்படியில் ஒரு அரை மணி நேரம் பேச வைக்கலாமே. டிஸ்சார்ஜ் சம்மரியோட தமிழில் ஒரு பக்கம் சேர்த்துப் பின் அடிக்கிறதுக்கும் பெரிய செலவு ஆகாது.

நம்ம பங்குக்கு ஒண்ணு சொல்றேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல ஒவ்வொரு வருஷமும் ரெண்டு டீமாவது மெஷின் லேர்னிங்ல ஹார்ட் டிசீஸ் ப்ரெடிக்‌ஷன் பண்றாங்க. எல்லாரும் எடுக்கிறது அதே பழைய கிளீவ்லேண்ட் டேட்டாசெட், 303 பேர், 14 காலம். அதில் சாப்பாடு பற்றி ஒரு காலம்கூட கிடையாது. அதுக்குப் பதிலா உப்பு பாக்கெட், எண்ணெய் லிட்டர், வீட்டில் எத்தனை பேர்னு மூணே கேள்வி கேட்டு, தமிழில் பதில் சொல்ற ஒரு ஆப் பண்ணலாம். எங்க டீம் டைட்டில் ஏற்கெனவே சப்மிட் பண்ணியாச்சு. தேர்ட் இயர் தம்பி தங்கைகள் யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், ஐடியா ஃப்ரீ.