லாகின் லைப்ரரிக்கு இனிஷியல் தெரியுமா?

பி.எச்.பி.யில் தளம் கட்டும் மாணவர்கள் முதலில் தேடுவது ஒரு லாகின் லைப்ரரியைத்தான். அதில் தப்பே இல்லை. 2013ல் வந்த பி.எச்.பி 5.5, கடவுச்சொல்லை ஹேஷ் செய்ய நல்ல ஃபங்ஷனைக் கொடுத்துவிட்டது. ஆனால் மறந்த கடவுச்சொல்லை மாற்றுவது, குக்கியில் லாகினை நினைவில் வைப்பது, தவறான முயற்சிகளைத் தடுப்பது என்று மற்றதையெல்லாம் சொந்தமாக எழுதினால் ஓட்டை விழ நிறைய இடம் உண்டு.

சிக்கல் எங்கே என்றால், சில லைப்ரரிகள் காவல் வேலையோடு நிற்பதில்லை. உள்ளே வருபவர் எப்படிப்பட்டவர் என்பதையும் தாமே முடிவு செய்கின்றன. 'யூசர்' என்று ஒரு கிளாஸ். அதில் முதல் பெயர், கடைசிப் பெயர், மின்னஞ்சல். மூன்றும் கட்டாயம்!

இந்த யூசரைக் கொஞ்சம் ஆவடிக்குக் கூட்டி வந்து பாருங்கள். டாங்க் ஃபேக்டரியும் சி.ஆர்.பி.எஃப். முகாமும் விமானப்படை நிலையமும் இருக்கும் ஊர். இந்தியாவின் பல மாநிலத்தவரும் அங்கே உண்டு. ஒரு பள்ளிக்குத் தளம் செய்தால் 'சிங்' கடைசிப் பெயர்ப் பெட்டியில் ஒழுங்காக உட்காரும். 'ரா. முருகன்' என்ன செய்வார்? அவருக்குக் கடைசிப் பெயரே கிடையாது. 'ரா' என்பது அப்பா பெயரின் முதலெழுத்து, அதுவும் முன்னால் நிற்கிறது. பெட்டி கட்டாயம் என்பதால் ஒருவர் இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை முழுசாக எழுதுவார், மூன்றாமவர் ஒரு புள்ளி வைத்துத் தப்பிப்பார்.

இது சின்ன விஷயம் இல்லை. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் விசிட் விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் சொன்னபோது தமிழர்கள் பலர் பதறினார்கள். பிறகுதான், பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. ஒரு பெட்டி காலியாக இருப்பது ஒருவருடைய பயணத்தையே நிறுத்தலாம்.

இனிஷியலுக்குத் தனிப் பெட்டி வைத்தாலும் கதை முடியாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு, தமிழில் பெயர் எழுதும்போது இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. இனிஷியல்தானே என்று ஓர் எழுத்துக்கு மட்டும் இடம் ஒதுக்கினால் 'ரா' அதில் நுழையாது. நம் கண்ணுக்கு அது ஓர் எழுத்து. யூனிகோடில் 'ர' ஒன்று, துணைக்கால் ஒன்று என 2 குறியீடுகள், யு.டி.எஃப்-8ல் 6 பைட்டுகள். தகவல்தளம் ஒன்று எரர் காட்டும், அல்லது காலை வெட்டிவிட்டு 'ர' என்று சேமிக்கும்.

அடுத்தது அம்பத்தூர். 1964ல் தொடங்கிய தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்கு வருகைப் பதிவுத் தளம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லேத் ஓட்டுபவரிடம் டோக்கன் நம்பர் இருக்கும், மொபைல் இருக்கும். மின்னஞ்சல் இருந்தே ஆக வேண்டுமா? லைப்ரரி அடம் பிடித்தால் சூப்பர்வைசர் ஏதாவது ஒரு முகவரியைக் கற்பனையாக அடித்துவிடுவார். அது நிஜத்தில் வேறு யாருடையதாகவாவது இருந்தால், கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு நேராக அவரிடம் போகும். பாதுகாப்புக்காக வைத்த லைப்ரரியின் பிடிவாதமே பாதுகாப்பைக் கெடுக்கிறது.

ஆகவே யூசர் கிளாஸை எழுதும் உரிமை தளம் கட்டுபவரிடம் இருக்க வேண்டும். லைப்ரரிக்குத் தேவை ஒரு சின்ன ஒப்பந்தம், அதாவது இன்டர்ஃபேஸ்: இந்த ஆளின் அடையாளம் என்ன, அவர் கொடுத்த ரகசியம் பொருந்துகிறதா. அவ்வளவே. சிம்ஃபனி இதைப் புரிந்துகொண்டது. 2021ல் வந்த 5.3 பதிப்பில், யூசர்நேமைக் கேட்கும் மெத்தடை ஓரங்கட்டிவிட்டு 'யூசர் ஐடென்டிஃபையர்' என்று பொதுவாகக் கேட்க ஆரம்பித்தது. அது டோக்கன் நம்பராகவும் இருக்கலாம். லாராவெலில் எந்த மாடலை யூசராகக் கொள்வது என்பதை கான்ஃபிக் ஃபைலிலேயே சொல்லிவிடலாம். அது தரும் டேபிளில் பெயருக்கு ஒரே பெட்டிதான். பைத்தான் உலகின் ஜாங்கோவும் 2013ல், 1.5 பதிப்பில், சொந்த யூசர் மாடலுக்கு வழிவிட்டது.

வழிவிட்டதாகச் சொன்னால் மட்டும் போதாது, முழுசாக விட வேண்டும். லாகின் செய்யும்போது நம் கிளாஸைக் கொடுத்துவிட்டு, புதிதாகப் பதிவு செய்யும் இடத்தில் லைப்ரரி தன் சொந்த யூசரையே உருவாக்கினால் என்ன ஆகும்? நாம் எழுதிய மெத்தட் ஒரு பக்கத்தில் ஓடும், இன்னொரு பக்கத்தில் 'அப்படி ஒரு மெத்தட் இல்லை' என்று வெடிக்கும். அரைக் கதவு திறந்த வீடு மாதிரி. யூசரை உருவாக்கும் வேலை முழுவதும் ஒரே இடத்தில், மாற்றக்கூடியபடி இருக்க வேண்டும்.

'கண்டவரும் யூசர் கிளாஸ் எழுதினால் ஹேஷ் வெளியே கசியுமே' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான பயம். யூசரை அப்படியே ஜேசனாக மாற்றி அனுப்பும் ஆட்கள் உண்டு. ஆனால் அதற்கு மருந்து, ரகசியத்தை ஆளிடமிருந்து பிரித்து வைப்பது. கோட்இக்னைட்டரின் ஷீல்டு லைப்ரரியில் மின்னஞ்சலும் ஹேஷும் யூசர் டேபிளில் இருப்பதில்லை, தனி டேபிளில் இருக்கின்றன. யூசர் கிளாஸை நீட்டி எழுதி, கான்ஃபிக்கில் மாற்றிக்கொள்ளவும் இடம் உண்டு.

வாட்ச்மேன் வேலை சாவியைச் சரிபார்ப்பது. வீட்டுக்காரருக்குப் பெயர் வைப்பது அவர் வேலை இல்லை. அடுத்த புராஜெக்டுக்கு லைப்ரரி தேடும்போது, அதில் 'ரா. முருகன்' தன் பெயரிலேயே உள்ளே போக முடிகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.