மூணு வேளை சாப்பிட்டா போதுமா? உங்க சாப்பாட்டுக்கு 10-க்கு எத்தனை மார்க்.. கணக்கு போடுவது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் ஒரு பெண்ணின் சாப்பாட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். காலையில் இட்லி, தக்காளி சட்னி. மதியம் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு பொரியல். மாலையில் டீ, பன். இரவு தோசை. வயிறு நிறைஞ்சிடுச்சு. சத்து கிடைச்சுதா?

10 வகை கணக்கு

இதை அளக்க ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுக்கானது இது. கடந்த 24 மணி நேரத்தில் இந்த 10-ல் எத்தனை வகை சாப்பிட்டீங்க என்பதுதான் கேள்வி:

1. தானியம், கிழங்கு
2. பருப்பு, பயறு
3. கடலை, கொட்டை வகைகள்
4. பால், தயிர்
5. இறைச்சி, மீன்
6. முட்டை
7. கீரை
8. கேரட், பப்பாளி போல வைட்டமின் ஏ நிறைந்தவை
9. மற்ற காய்கள்
10. மற்ற பழங்கள்

குறைந்தது 5 வரணும். ஒரு வகையில் 15 கிராமாவது சாப்பிட்டிருக்கணும். சாம்பாரில் மிதக்கும் கொத்தமல்லி கீரை கணக்கில் சேராது.

மார்க் எவ்வளவு?

இட்லி, சாதம், பன், தோசை, உருளைக்கிழங்கு எல்லாம் சேர்ந்து ஒரே மார்க்தான். பருப்புக்கு ஒன்று, தக்காளி, வெங்காயத்துக்கு ஒன்று. மொத்தம் 3. ஒரு முட்டையும் முருங்கைக்கீரை பொரியலும் சேர்ந்தால் 5 ஆகிவிடும்.

ஏன் முக்கியம்?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் இந்த வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. சாப்பாடு மட்டுமே காரணம் இல்லை என்றாலும், இரும்புச்சத்துக் குறைபாடு முக்கியக் காரணம். தானியத்தில் இருந்து கிடைக்கும் கலோரி 45%-ஐத் தாண்டக் கூடாது என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. நடப்பில் இது 50 முதல் 70% வரை இருக்கிறது.

இதிலும் ஓட்டை இருக்கு

இந்தக் கணக்கு உப்பு, எண்ணெய், சர்க்கரையைப் பார்க்காது. நேற்று விசேஷ வீட்டில் சாப்பிட்டிருந்தால் மார்க் எகிறிடும். அதனால் 5 வாங்கிய ஒருவர் ஆரோக்கியமாக இருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது. பல பேரிடம் கேட்டு, ஒரு ஊரின் நிலைமையைத் தெரிந்துகொள்ளத்தான் இது.

அப்படிப் பார்த்தால், முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது ஹாஸ்டல், கேன்டீன் மெனு போடுகிறவர்கள்தான். அங்கே தங்கியிருக்கும் பெண்களின் தட்டில் என்ன விழும் என்பதை முடிவு செய்வது அவர்கள்தானே!