காய்ச்சலோடு பந்தயமா?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் மிதித்து ஏற்காடு வரும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். இவர்களில் சிலருக்கு 'அயர்ன்மேன்' கனவு. ஒரே நாளில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம்!

1982-ல் ஹவாயில் நடந்த இந்தப் போட்டியில், பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்த ஜூலி மாஸ், எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் துவண்டு விழுந்தார். தவழ்ந்தே போய் இரண்டாமிடம் பெற்றார். டி.வி.யில் பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். நாமும் கைதட்டலாம். ஆனால், 'அவங்களே முடிச்சாங்க, காய்ச்சல்னா எனக்கென்ன?' என்று கிளம்பிவிடாதீர்கள். அவருக்கு வந்தது அசதி. காய்ச்சல் வேறு விஷயம். வைரஸ் காய்ச்சல் சில சமயம் இதயத் தசையையே தாக்கி வீங்க வைத்துவிடும். அந்த நேரத்தில் மூச்சு முட்ட ஓடினால் உயிருக்கே ஆபத்து.

அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்கிறது சித்த மருத்துவம். தாகம், வாந்தி, இளைப்பு எல்லாம் அதில் உண்டு. பந்தயத்தன்று காய்ச்சல், வாந்தி, பேதி என்றால் பேசாமல் படுத்துவிடுங்கள். நெஞ்சுவலி என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். பெற்றோர்களே, 'இவ்வளவு பணம் கட்டிட்டியே' என்று பிள்ளையைத் தூண்டாதீர்கள். பந்தயம் அடுத்த வருஷமும் வரும்!