ஊசி வேண்டாம், கொல்லைப் பக்கம் மாத்திக் கட்டுங்க

அரியலூர்ப் பக்கம் ரோட்டோர வீடு என்றால் சுண்ணாம்புக்கல் லாரிக்குத் தப்ப முடியாது. போன மாசம் கறந்துகொண்டிருக்கும்போது ஒரு ஹாரன். கலப்பினப் பசு மிரண்டு பாலை அடக்கிடுச்சு. ஆறு லிட்டர் கறக்குறது, அன்னைக்கு நாலுதான்.

மடியைக் கழுவித் தடவினா பிட்யூட்டரியிலிருந்து ஆக்சிடோசின் வந்து, ஒரு நிமிஷத்துல பால் இறங்கும். அதோட வேகம் சில நிமிஷம்தான். பயந்தா அட்ரினலின் குறுக்கே நிக்கும். கார்டிசாலும் ஏறும், அதை ரத்தத்துல, பால்ல, சாணியில அளந்துடலாம்.

"ஊசியப் போடு மாப்ள, கொட்டும்" என்றார் பக்கத்து வீட்டு மாமா. அதே ஆக்சிடோசின்தான் அந்த ஊசியும். பழகின மாடு பிறகு ஊசி இல்லாம சுரப்பு விடாது. பால் கூட்ட மாட்டுக்குக் கேடான ஊசி போடுறது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

நான் கொல்லையில் கட்டினேன். நாலு நாள்ல பழைய அளவு வந்துடுச்சு. அந்த நாலு நாள் நஷ்டம் என்னோடது.

சொசைட்டியில ஃபேட், எஸ்.என்.எஃப் பார்த்துத்தான் காசு. மாடு நிம்மதியா நின்னுச்சான்னு யாரும் கேக்குறதில்ல. பால் வாங்குற நீங்களாவது கேளுங்க.