அலியா, டைசனா? ஒரு டியூட்டி டாக்டரின் ஸ்கோர் கார்டு

1/ முகமது அலியும் மைக் டைசனும் மோதினா யார் ஜெயிப்பா? மார்சியானோ எதிர்ல டைசன் ஃபியூரி நின்னா எத்தனை ரவுண்டு தாங்கும்? டீக்கடை, ஹாஸ்டல் மொட்டை மாடி, வாட்ஸ்அப் குரூப்னு முடிவே இல்லாம ஓடுற விவாதம். 2021ல 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகு நம்ம பசங்க கபிலனையும் இதுல இறக்கி விட்டுட்டாங்க. எனக்கும் பிடிச்ச விவாதம்தான். ஆனா இதுல நாம போடுற ஒரு மார்க் தப்புன்னு நினைக்கிறேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/ முதல்ல எடை. ராக்கி மார்சியானோ 49 போட்டி, 49 வெற்றி, அதுல 43 நாக் அவுட். தோல்வியே இல்லாம ஓய்வு பெற்ற சாம்பியன். எடை சுமார் 85 கிலோதான். இன்னைக்கு 90.7 கிலோ வரைக்கும் க்ரூசர்வெயிட்டுனு தனிப் பிரிவே இருக்கு. ஃபியூரி 206 செ.மீ. உயரம். 2020ல வைல்டரை வீழ்த்தினப்ப சுமார் 124 கிலோ. வித்தியாசம் 39 கிலோ! கீழ்ப் பிரிவுகள்ல மூணு கிலோ கூடினாலே வேற பிரிவுக்குப் போயிடணும்.

3/ அப்போ பெரிய ஆள்தான் ஜெயிப்பாரா? அதுவும் இல்ல. 2024ல இதே ஃபியூரியை உக்ரைனின் உசிக் மே மாசம் ஒரு தடவை, டிசம்பர்ல ஒரு தடவை தோற்கடிச்சார். டிசம்பர் போட்டியில உசிக் சுமார் 25 கிலோ குறைவு. கால் வேகமும் கணக்கும் இருந்தா எடையைத் தாண்டலாம்.

4/ அடுத்தது விதி. அலி காலத்துப் பட்டப் போட்டி 15 ரவுண்டு. 1982 நவம்பர்ல தென்கொரிய லைட்வெயிட் வீரர் கிம் டுக் கூ 14ஆவது ரவுண்டில் விழுந்தார். மூளையில ரத்தக்கசிவு. சில நாள்ல இறந்தார். அதுக்கப்புறம்தான் உலக பாக்ஸிங் கவுன்சில் 12 ரவுண்டா குறைச்சது, மத்த அமைப்புகளும் பின்னாடி வந்தாங்க. 13ஆவது ரவுண்டுக்கு மூச்சைச் சேர்த்து வெச்சு ஆடின ஆளையும், 12ல முடிச்சுக்கிற ஆளையும் எந்த விதியில மோத விடுவீங்க?

5/ இதைக் கம்ப்யூட்டர்கிட்டயே கேட்டிருக்காங்க தெரியுமா? 1969ல அலி, மார்சியானோ ரெண்டு பேரையும் மயாமியில ரிங்ல ஏத்தி, சின்னச் சின்ன ரவுண்டுகளா படம் பிடிச்சாங்க. அலி அப்ப ராணுவத்துல சேர மறுத்ததால தடையில இருந்தார். மார்சியானோவுக்கு 45 வயசு, தலையில விக்! கம்ப்யூட்டர் சொன்ன முடிவுன்னு 1970ல தியேட்டர்ல ஓட்டினாங்க. 13ஆவது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட் வெற்றி.

6/ ஐரோப்பாவுல காட்டின பிரதியில அலி ஜெயிச்சார்! யாருக்கு எது பிடிக்குமோ அது. படப்பிடிப்பு முடிஞ்ச கொஞ்ச நாள்லயே மார்சியானோ விமான விபத்துல இறந்துட்டார், முடிவைப் பார்க்கவே இல்ல. நம்ம டீக்கடைத் தீர்ப்புகளும் இந்த வகைதான். அவங்கவங்க ஹீரோ ஜெயிப்பார்.

7/ ஆனா வேற வேற காலத்து சாம்பியன்கள் நிஜமாவே மோதியிருக்காங்க. 1951ல 37 வயசு ஜோ லூயியை மார்சியானோ 8ஆவது ரவுண்டில் சாய்ச்சார். வரிக்கடனை அடைக்கத்தான் லூயி திரும்பி வந்திருந்தார். 1980ல 38 வயசு அலியை, அவரோட பழைய பயிற்சிக் கூட்டாளி லேரி ஹோம்ஸ் பத்து ரவுண்டு அடிச்சார். 1988ல அதே ஹோம்ஸுக்கு 38 வயசு. 21 வயசு டைசன் நாலே ரவுண்டில் முடிச்சார்.

8/ மூணுலயும் ஜெயிச்சது யாரு? வயசு. 45 வயசுல 1994ல பட்டம் வாங்கின ஜார்ஜ் ஃபோர்மன் மாதிரி விதிவிலக்கு அபூர்வம். அதனால யார் ஜெயிப்பான்னு கேட்கிறதுக்கு முன்னாடி, எங்க ஓபி சீட்டுல எழுதுற மாதிரி வயசைக் கேளுங்க. எந்த வருஷத்து அலி? எந்த வருஷத்து டைசன்?

9/ இப்ப நான் சொல்ல வந்த அந்த மார்க். இந்த விவாதத்துல எல்லாரும் போடுற ஒரு மார்க், "அவர் எவ்ளோ அடி வாங்கினாலும் தாங்குவார்". இரும்புத் தாடை. வடிவேலு அடி தாங்கினா சிரிக்கிறோம். பாக்ஸர் தாங்கினா அதையே பட்டமா குடுக்கிறோம். மருத்துவத்துல அதுக்குப் பேர் பட்டம் கிடையாது, பாதிப்பு.

10/ ஏன்? மூளை நுங்கு மாதிரி மெத்துனு இருக்கும். மண்டையோட்டுக்குள்ள திரவத்துல மிதக்குது. தாடையில குறுக்கே ஒரு குத்து விழுந்தா தலை வெடுக்குனு திரும்பும். ஓடு முதல்ல திரும்பிடும், மூளை கொஞ்சம் பிந்தித்தான் திரும்பும். அந்த இழுப்புல நரம்பு இழைகள் நீளுது, சேதமாகுது. விழாம நிக்கிறவருக்கும் இது நடக்கும். சொல்லப்போனா விழாதவர்தான் அடுத்த ரவுண்டிலும் வாங்கிக்கிறார். க்ளவுஸ் காப்பாத்துறது குத்துறவரோட கை எலும்பை. மூளையை இல்ல.

11/ இது புதுக் கண்டுபிடிப்பு இல்ல. பாக்ஸர்களுக்கு வர்ற தள்ளாட்டம், நடுக்கம், மறதி பத்தி 1928லயே மார்ட்லேண்ட்னு ஒரு அமெரிக்க டாக்டர் எழுதிட்டார்.

12/ அலியோட ரிங் டாக்டர் ஃபெர்டி பச்சேகோ. 1977ல ஷேவர்ஸோட நடந்த போட்டிக்கு அப்புறம் அலியோட சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைக் காட்டும் பரிசோதனை அறிக்கையை அலிக்கும் அவரைச் சுத்தி இருந்தவங்களுக்கும் அனுப்பினார். பதில் வரல. டாக்டர் விலகிட்டார். அலி அதுக்கப்புறமும் நாலு தடவை ரிங் ஏறினார்.

13/ நம்ம ஊருக்கும் இதுல ஒரு தொடர்பு இருக்கு. 1980 தொடக்கத்துல அலி மெட்ராஸ் வந்தார். நேரு ஸ்டேடியத்துல ஒரு காட்சிப் போட்டி. எதிர்ல நின்னது ஜிம்மி எல்லிஸ். அலியோட சின்ன வயசு நண்பர், அவரும் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன். அன்னைக்குப் பார்த்தவங்க இப்ப தாத்தாக்கள். இன்னும் பெருமையா சொல்லுவாங்க.

14/ அதே வருஷம் அக்டோபர்லதான் ஹோம்ஸ்கிட்ட அந்த அடி. 1984ல, 42 வயசுல, அலிக்கு பார்க்கின்சன் நோய்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கு அடிதான் காரணமான்னு நரம்பியல் நிபுணர்களுக்குள்ள இன்னும் ஒரே கருத்து இல்ல. ஆனா எல்லிஸும் மறதி நோயோட வாழ்ந்து 2014ல இறந்தார். அலி 2016ல. ரெண்டு பேரும் 74 வயசு. மெட்ராஸ் கைதட்டின ரெண்டு சாம்பியன்களோட கடைசிக் காலமும் இதுதான்.

15/ அதனால என் ஸ்கோர் கார்டுல 'தாங்குவார்' காலம் கிடையாது. 'வாங்க மாட்டார்' காலம்தான். அப்படிப் பார்த்தா 1966 அலிதான் முதலிடம். தடைக்கு முந்தின அலி. கையைத் தொங்கவிட்டு, தலையைப் பின்னாடி சாய்ச்சு, குத்தைக் காத்துல விட வெச்சவர். "ஃப்ரேசியர் மாதிரி குள்ளமா, குனிஞ்சு வர்ற ஆள்தானே அலியைச் சாய்ச்சார், டைசனும் அதே ரகம்தானே?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா ஃப்ரேசியர் 1971ல பிடிச்சது, மூணரை வருஷத் தடைக்கு அப்புறம் கால் வேகம் குறைஞ்ச அலியை. 1988 டைசன் முதல் நாலு ரவுண்டு ஆபத்துதான். அதைத் தாண்டிட்டா அலி, பாயிண்ட்ஸ்ல. சண்டைக்கு வாங்க, கமெண்ட்ல பேசலாம்!

16/ கடைசியா பெற்றோருக்கும் பசங்களுக்கும். நான் நரம்பியல் நிபுணர் இல்ல, எம்பிபிஎஸ் டியூட்டி டாக்டர். உளுந்தூர்பேட்டையில நாங்க பார்க்கிற தலைக்காயம் பெரும்பாலும் நெடுஞ்சாலையில ஹெல்மெட் இல்லாம விழுந்தது. பாக்ஸிங், கபடி, பைக் எதுவா இருந்தாலும் விதி ஒண்ணுதான். தலையில அடிபட்டு மயக்கம், வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, குழப்பமான பேச்சு, ஓயாத தூக்கம், வலிப்பு இருந்தா உடனே ஆஸ்பத்திரி. தூங்கினா சரியாயிடும்னு வீட்ல வெச்சுக்காதீங்க.

17/ "ஸ்கேன் நார்மல்தானே டாக்டர், நாளைக்கே விளையாடலாமா?" கூடாது. சிடி ஸ்கேன் ரத்தக்கசிவைக் காட்டும். மூளை அதிர்ச்சியை அது காட்டணும்னு இல்ல. அறிகுறி முழுசா போய், டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, படிப்படியா களத்துக்குத் திரும்பணும். அது ஆறுறதுக்குள்ள விழுற ரெண்டாவது அடி உயிரையே எடுக்கலாம்.

18/ பையனைப் பாக்ஸிங் சேர்க்காதீங்கன்னு நான் சொல்லல. ஒழுக்கமும் தைரியமும் தர்ற விளையாட்டு. ஆனா கோச்சைப் பார்க்கும்போது "என் பையன் அடி தாங்குவானா?"னு கேட்காதீங்க. "விலகக் கத்துக் குடுப்பீங்களா?"னு கேளுங்க.

உங்க வீட்டுல விளையாடுற பசங்க இருந்தா 16, 17 ரெண்டையுமாவது காட்டுங்க.

அரசு மருத்துவர், உளுந்தூர்பேட்டை