மாப்பிள்ளைக்கு எந்தச் சட்டம்?

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்க தெருப் பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. வாரம் முழுக்க ப்யூஸ் கட்டைக்கு அச்சு அழுத்திய கை அன்றைக்குப் பந்து போடும். அப்படி ஆடியவர்களில் ஒருவனை, ஊர்க்காரர்களோடு நடந்த தகராறுக்குப் பிறகு குண்டர் சட்டத்தில் போட்டார்கள். 1982இல் வந்த சட்டம். விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் உள்ளே வைக்கலாம். அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமைகூட இல்லை.

இனி டெல்லிக்கு வாருங்கள். 2013 மே மாதம் ஐ.பி.எல். சூதாட்டத்தில் ஸ்ரீசாந்த், சண்டிலா, சவாண் என்று மூன்று ஆட்டக்காரர்களை டெல்லி போலீஸ் பிடித்தது. தாவூத் இப்ராகிம் பெயரை இழுத்து மோக்காவைப் போட்டது. நிழலுலக தாதாக்களுக்கென்று 1999இல் மகாராஷ்டிரம் செய்த சட்டம் அது. ஜாமீன் குதிரைக்கொம்பு, குற்றப்பத்திரிகைக்கு 180 நாள்.

அதே மே மாதம், அதே சூதாட்டம். சென்னை அணியின் முதலாளி வீட்டு மாப்பிள்ளை குருநாத் மெய்யப்பனை மும்பை போலீஸ் கைது செய்தது. மோக்கா பிறந்த வீடே மகாராஷ்டிரம்தான். ஆனால் மாப்பிள்ளைக்கு அது நினைவுக்கு வரவில்லை. சாதாரணப் பிரிவுகள், பத்துப் பன்னிரண்டு நாளில் ஜாமீன். அந்தப் போலீஸ் வேற, இந்தப் போலீஸ் வேற என்பார்கள். இருக்கட்டும், சாமி. கூலிக்கு ஆடுகிறவன் தாதா கூட்டாளி, முதலாளி வீட்டுப் பிள்ளை சூதாடி என்று இரண்டு போலீசுக்கும் ஒரே மாதிரி தோன்றியது எப்படி?

மாப்பிள்ளைக்கும் மோக்கா போடு என்று நான் கேட்கவில்லை. அந்தச் சட்டமே ஆகாது. போலீஸ் எஸ்.பி.யிடம் கொடுத்த வாக்குமூலம் அதில் சாட்சியம். வாக்குமூலம் எப்படி வாங்கப்படும் என்று எங்க பக்கத்தில் யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1993இல் நகை திருடினான் என்று கம்மாபுரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன முதனை ராசாகண்ணு உயிரோடு வரவில்லை.

2015 ஜூலையில் டெல்லி நீதிமன்றம் 36 பேரையும் விடுவித்தது. மோக்காவுக்கு ஆதாரம் இல்லை. நல்லது. ஆட்டத்தை விற்பதைக் குற்றமாக்கும் தனிச் சட்டமே இந்தியாவில் இல்லை. 2022இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அது 420ஆவது பிரிவில் வராது என்றே சொல்லிவிட்டது. இலங்கை 2019லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டது.

விளையாட்டின் புனிதம் கெட்டுப்போச்சு என்று அழுதார்களே, எந்தப் புனிதம்? 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த பல்வங்கர் பாலூவுக்குப் பூனாவில் பெவிலியனுக்கு வெளியே, தூக்கியெறிகிற மண்குவளையில் டீ கொடுத்த புனிதமா? இந்து அணிக்கு அவரைக் கடைசிவரை கேப்டனாக்கவில்லையே, அந்தப் புனிதமா?

2024 ஜூலை முதல் புதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. 111ஆம் பிரிவு அமைப்புசார் குற்றம். 112 சில்லறை அமைப்புசார் குற்றம்: ஒரு கும்பலோடு சேர்ந்து ப்ளாக்கில் டிக்கெட் விற்றால், பந்தயம் கட்டினால் ஒன்று முதல் ஏழு வருஷம். அணியை வைத்திருப்பவன் சேப்பாக்கம் வாசலில் நின்று டிக்கெட் விற்கப் போவதில்லை. அங்கே நிற்கிற பையன்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று போய்ப் பாருங்கள், தோழர்களே.

எங்க பையன் வெளியே வந்துவிட்டான். சூளை வேலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் கூப்பிட்டால், "கூட்டமா நின்னா கேஸுண்ணே" என்கிறான்.